பழைய கணினியின் விசைப்பலகை: பழுதறியும் முறையும் திருத்தும் வழியும்

வீட்டு வரியோ குடிநீர்க் கட்டணமோ செலுத்துவதற்காகப் பஞ்சாயத்துக் காரியாலயத்துக்கு வரும் விவசாயி, “கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை, நாளை வாருங்கள்” என்ற பதிலைக் கேட்டுத் திரும்ப நேரிடுவதுண்டு. வயல் வேலையை விட்டுவிட்டு வந்தவருக்கு அந்த ஒரு சொல் ஒரு நாள் கூலி நஷ்டமாகும். ஆனால் நிதானமாக ஆராய்ந்தால், அன்று வேலை செய்யாதது கணினியே அன்று, அதன் முன்னால் கிடக்கும் கீபோர்டு என வழங்கும் விசைப்பலகை மட்டுமே என்பது புலப்படக் கூடும். சாதாரண விசைப்பலகை ஒன்றின் விலை சில நூறு ரூபாய்தான். அதன் பழுதுக்காகப் பல ஆயிரம் ரூபாய் பெறுமானமுள்ள இயந்திரத்தையே ஒதுக்கி வைப்பது பொதுப் பணத்துக்கு இழப்பு, மக்களுக்கும் இடையூறு.

விசைப்பலகையின் பழுதுகள் இருவகைப்படும். அழுத்தியும் எழுத்து வராமலிருப்பது ஒன்று. அழுத்திய எழுத்து வராமல் வேறோர் எழுத்து வருவதும், ஒருமுறை அழுத்தினால் இருமுறை வருவதும் மற்றொன்று. முதல் வகை வேலையை நிறுத்திவிடுகிறது; ஆகவே யாவரும் அதனை உடனே கவனிக்கிறார்கள். இரண்டாம் வகையோ வேலையை நிறுத்துவதில்லை. பிழையான சர்வே எண்ணையும் பிழையான வங்கிக் கணக்கு எண்ணையும் ஓசையின்றிப் பதிவு செய்துவிட்டு, மாதங்கள் கழிந்த பின்னரே வெளிப்படுகிறது. எனவே எழுதாத விசையைவிடப் பிழையாக எழுதும் விசையே அதிகத் தீங்கு விளைவிப்பது என்பதை நாம் மனத்தில் கொள்ளுதல் வேண்டும்.

கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் விவசாயி புதிய ஏரி வெட்டப் புறப்படுவதில்லை. மதகிலிருந்து வயல் வரையில் வாய்க்கால் கரையோடு நடந்து, எந்த இடம் வரையில் தண்ணீர் வந்திருக்கிறது, எந்த இடத்தில் நின்றிருக்கிறது என்று பார்க்கிறார். விசைப்பலகைப் பழுதை அறிவதற்கும் அந்த முறையே ஏற்றது. அதற்கு முதலில் வாய்க்கால் எவ்வழியே செல்கிறது என்பதைத் தெரிந்துகொள்வோம்.

விசைப்பலகை செயற்படும் விதம்

சாதாரண விசைப்பலகையின் விசைகளுக்குக் கீழே ரப்பரினாலான சிறு குமிழ்கள் இருக்கின்றன. அவற்றின் கீழே மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் மூன்று அடுக்காக வைக்கப்பட்டுள்ளன. மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்சாரம் கடத்தும் பூச்சினால் கோடுகள் இழுக்கப்பட்டிருக்கும். நடுத் தாள் அவ்விரண்டும் தொடாமல் பிரித்து வைப்பது. விசைகளுக்கு நேரே மட்டும் அதில் துளைகள் உண்டு. விசையை அழுத்தும்போது துளையின் வழியே மேற்கோடு கீழ்க்கோட்டைத் தொடுகிறது. விரலை எடுத்ததும் ரப்பர்க் குமிழ் விசையை மேலே தள்ளுகிறது.

பலகையின் ஓரத்திலுள்ள சிறிய மின்னணுச் சில்லு, இக்கோடுகளை ஓயாமல் வரிசை வரிசையாகச் சோதித்து, எந்த இடத்தில் தொடுதல் நிகழ்ந்தது என்பதைக் கண்டு, அவ்விடத்துக்குரிய எண்ணைக் கம்பி வழியே கணினிக்கு அனுப்புகிறது. விசையை விடும்போதும் ஒரு செய்தி செல்கிறது. 1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனிநபர் கணினியின் விசைப்பலகையில் 83 விசைகள் இருந்தன. அதில் ‘ஏ’ என்னும் ஆங்கில எழுத்துப் பொறித்த விசையை அழுத்தினால் 30 என்ற எண்ணும், விட்டால் 158 என்ற எண்ணும் கணினிக்குச் சென்றன. விட்டதற்கான எண், அழுத்தியதற்கான எண்ணுடன் 128ஐக் கூட்டியதாகும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை விளங்கும். விசைப்பலகைக்கு எழுத்து இன்னதென்று தெரியாது. எந்த இடம் அழுத்தப்பட்டது என்பது மட்டுமே தெரியும். அவ்விடத்துக்கு உரியது ஆங்கில எழுத்தா, தமிழ் எழுத்தா என்று தீர்மானிப்பது கணினியிலுள்ள மென்பொருள். ஆகவே விசை, கம்பி, கணினி, எழுத்தமைப்பு ஆகிய நான்கு இடங்களில் எதில் வேண்டுமானாலும் தடை ஏற்படலாம். அவை நான்கில் தடை எதிலுள்ளது என்று முதலில் அறிய வேண்டும். திருத்தத்தை அதன் பிறகே தொடங்க வேண்டும்.

முதற் சோதனை

செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. பெரும்பாலான விசைப்பலகைகளில் மூன்று சிறு விளக்குகள் காணப்படும். ‘கேப்ஸ் லாக்’ விசையை ஒருமுறை அழுத்தினால் அதற்குரிய விளக்கு எரிய வேண்டும். மறுமுறை அழுத்தினால் அணைய வேண்டும். அவ்விளக்கை எரியச் செய்வது விசைப்பலகை அன்று. விசையின் செய்தி கணினிக்குச் சென்று, கணினியின் கட்டளை திரும்பி வந்த பிறகே விளக்கு எரிகிறது. எனவே விளக்கு ஒழுங்காக எரிந்து அணைந்தால் கம்பியும் இணைப்பும் செம்மையாக உள்ளன என்று கொள்ளலாம். தடை ஏதோ ஒரு விசையிலோ, எழுத்தமைப்பிலோ, எழுதிக்கொண்டிருக்கும் பக்கத்திலோதான் இருக்கும்.

விளக்கு மாறாவிட்டால், மவுஸை நகர்த்திப் பார்க்க வேண்டும். திரையில் அம்புக்குறியும் நகரவில்லையென்றால் கணினியே திகைத்து நின்றிருக்கிறது என்பது பொருள். சில நிமிஷங்கள் பொறுத்தும் மாறாவிட்டால் கணினியை நிறுத்தி மீண்டும் தொடங்குதல் வேண்டும். அம்புக்குறி நகர்ந்து, விளக்கு மட்டும் மாறாதிருந்தால், பழுது விசைப்பலகையிலோ அதன் இணைப்பிலோ இருக்கிறது. கம்பியில்லா விசைப்பலகைகள் சிலவற்றில் விளக்குகள் இரா. அவற்றில் முதலில் மாற்ற வேண்டியது மின்கலத்தை.

இணைப்பைச் சோதித்தல்

பழைய கணினிகளில் இருவகை இணைப்புகளைக் காணலாம். ஒன்று, ஆறு ஊசிகளையுடைய வட்டமான செருகி. இது 1987ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் பி.எஸ்/2 கணினிகளோடு வந்தது. ஆகையால் அப்பெயராலேயே வழங்குகிறது. மற்றொன்று, 1996ஆம் ஆண்டில் முதன்முதலாக வரையறுக்கப்பட்ட தட்டையான யு.எஸ்.பி. செருகி.

வட்டச் செருகியைக் கையாளும்போது கணினியை முழுவதும் நிறுத்திவிட வேண்டும். மின்சாரம் ஓடும்போது அதனைப் பிடுங்குவதாலும் செருகுவதாலும் பழைய மதர்போர்டுகளில் உள்ள சிறிய ப்யூஸ் எரிந்துபோகக் கூடும். அன்றியும், கணினி ஓடிக்கொண்டிருக்கையில் செருகிய வட்டச் செருகியைப் பல கணினிகள் அறிவதில்லை. மீண்டும் தொடங்கினால்தான் அறியும். விசைப்பலகைக்குரிய துளை ஊதா நிறமாகவும் மவுஸுக்குரிய துளை பச்சை நிறமாகவும் இருக்கும். இரண்டும் ஒரே வடிவமாதலால், கணினியை இடம் மாற்றும்போது ஒன்றன் இடத்தில் மற்றொன்றைச் செருகிவிடுவது எளிதில் நேரும் தவறு. பாதி ஊதாவும் பாதி பச்சையுமாக உள்ள துளையில் இரண்டில் எதனையும் செருகலாம்.

செருகியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஊசி வளைந்திருந்தால் மெல்லிய இடுக்கியால் மெதுவாக நிமிர்த்தலாம். ஒடிந்திருந்தால் அப்பலகை உதவாது. செருகியை வலிந்து திருகிச் செருகுவதே ஊசி வளைவதற்குக் காரணம்.

யு.எஸ்.பி. செருகியைக் கணினி ஓடும்போதே எடுத்துச் செருகலாம். ஒரு துளையில் வேலை செய்யாவிட்டால் வேறொன்றில் செருகிப் பார்க்க வேண்டும். முன்புறத் துளைகளைவிடப் பின்புறத் துளைகளே நம்பத்தக்கவை. அவை மதர்போர்டிலேயே அமைந்தவை. விண்டோஸ் 7, விண்டோஸ் எக்ஸ்பி ஆகியவற்றைக் கொண்ட கணினிகளில், உள்ளே நீல நிறமுள்ள வேகமான துளைகள் தனி மென்பொருள் நிறுவாமல் இயங்குவதில்லை. ஆதலின் அங்கே கறுப்பு நிறத் துளையையே உபயோகிக்க வேண்டும்.

விசைப்பலகையின் செருகிக்கும் கணினியின் துளைக்கும் நடுவே அறிமுகமில்லாத சிறு துண்டு ஏதேனும் பொருத்தப்பட்டிருந்தால் அதனை அலட்சியம் செய்யலாகாது. செருகியின் வடிவத்தை மாற்றித் தரும் நேர்மையான துண்டுகள் உண்டு. ஆயினும் அழுத்தும் விசைகளையெல்லாம் களவாகப் பதிவு செய்யும் கருவிகளும் அதே உருவில் உள்ளன. பஞ்சாயத்தின் பணப் பரிமாற்றத்துக்குரிய கடவுச்சொற்கள் அவ்வழியே திருடப்படலாம். யார் வைத்தது என்று தெரியாத துண்டைக் கண்டால் மேலதிகாரிக்குத் தெரிவித்து, கடவுச்சொற்களை வேறொரு கணினியிலிருந்து உடனே மாற்றுதல் அவசியம்.

தொடக்கத்திலேயே நிற்கும் கணினி

மின்சாரம் கொடுத்ததும் பழைய கணினி தன் உறுப்புகளைத் தானே சோதித்துக்கொள்கிறது. அப்போது விசைப்பலகை அகப்படாவிட்டால், “விசைப்பலகை இல்லை, தொடர்வதற்கு எஃப்1 விசையை அழுத்துக” என்ற கருத்துள்ள ஆங்கில வாசகம் திரையில் தோன்றி நிற்கும். இல்லாத பலகையின் விசையை அழுத்தச் சொல்வது வேடிக்கையாகத் தோன்றலாம். இணைப்பைச் சரிசெய்த பின் எஃப்1ஐ அழுத்துக என்பதே அதன் பொருள்.

இவ்வாசகத்துக்கு மிக எளிய காரணமும் உண்டு. மேசையிலுள்ள ரசீதுப் புத்தகமோ பதிவேடோ விசைகளின் மேல் கிடந்தால், அழுத்தப்பட்ட விசையைக் கண்டு கணினி பிழையென்று அறிவிக்கிறது. விடாமல் ‘பீப்’ ஒலியும் எழுப்பலாம். புத்தகத்தை எடுத்துவிட்டால் பழுது தீர்ந்தது.

யு.எஸ்.பி. விசைப்பலகை, விண்டோஸ் தொடங்கிய பின் நன்கு வேலை செய்து, அதற்கு முன்னர் மட்டும் வேலை செய்யாதிருந்தால், பலகையில் குறையில்லை. கணினியின் ‘பயாஸ்’ என்னும் அடிப்படை அமைப்பில், ‘லெகசி யு.எஸ்.பி.’ எனப்படும் வசதி அணைக்கப்பட்டிருக்கலாம். வட்டச் செருகியுள்ள பலகை ஒன்றை இரவல் பெற்று இணைத்து, அவ்வசதியை இயக்கிவிட வேண்டும்.

ஒவ்வொரு நாளும் கணினியின் தேதி தவறாகக் காட்டுமாயின், மதர்போர்டிலுள்ள நாணயம் போன்ற மின்கலம் தீர்ந்துவிட்டது என்று அறியலாம். சி.ஆர்.2032 என்ற 3 வோல்ட் மின்கலமே பெரும்பாலும் அங்கு இருப்பது. அது தீர்ந்தால், நாம் செய்துவைத்த மாற்றங்கள் அழிந்து, கணினி ஆதியில் இருந்த நிலைக்குத் திரும்பிவிடும். தேதி தவறினால் அரசாங்க இணையதளங்களும் பாதுகாப்புக் காரணத்தால் திறக்க மறுக்கலாம். சிறு தொகையில் தீரும் இக்குறையைப் பெரும் பழுதாகக் கருதிவிடலாகாது.

பழுது போலத் தோன்றுபவை

பலகையும் இணைப்பும் நன்றாக இருக்கும்போதே பழுது போலத் தோன்றும் நிலைகள் சில உண்டு. இவற்றை அறிந்தவர் அநாவசியமான செலவைத் தவிர்க்கலாம்.

வலப்புறத்து எண் விசைகளை அழுத்தினால் எண் வராமல் திரைக்குறி மட்டும் நகர்ந்தால், ‘நம் லாக்’ அணைந்திருக்கிறது. அதனை ஒருமுறை அழுத்தினால் போதும். பழைய மடிக்கணினிகள் சிலவற்றில் இதற்கு மாறாக நேரும். நம் லாக் இயங்கினால் யு, ஐ, ஓ விசைகள் 4, 5, 6 என்றும், ஜே, கே, எல் விசைகள் 1, 2, 3 என்றும், எம் விசை 0 என்றும் எழுதும். ‘எஃப்என்’ விசையுடன் நம் லாக்கை அழுத்தினால் எழுத்துகள் திரும்பும்.

புதிய எழுத்தை நடுவில் சேர்க்கும்போது அடுத்த எழுத்து மறைந்துகொண்டே வந்தால், ‘இன்சர்ட்’ விசை தவறுதலாக அழுத்தப்பட்டுள்ளது. மீண்டும் ஒருமுறை அதனை அழுத்த வேண்டும்.

விசைகளைச் சாதாரணமாகத் தட்டினால் எழுத்து வராமல், நீண்ட நேரம் அழுத்தினால் மட்டும் வருமாயின், ‘ஃபில்டர் கீஸ்’ என்னும் ஏற்பாடு இயங்கிக்கொண்டிருக்கலாம். கை நடுக்கம் உள்ளவர்களின் வசதிக்காக அமைந்த நல்ல ஏற்பாடு இது. விண்டோஸில் வலப்புற ‘ஷிப்ட்’ விசையை 8 விநாடிகள் அழுத்திக்கொண்டிருந்தால் இதனை இயக்கும் வழி திறக்கும். முழங்கை ஊன்றியவரும், அருகில் விளையாடிய குழந்தையும் அறியாமலே இதனை இயக்கிவிடலாம். அவ்வாறே ஷிப்ட் விசையை 5 முறை தொடர்ந்து தட்டினால் ‘ஸ்டிக்கி கீஸ்’ என்னும் மற்றோர் ஏற்பாடு தொடங்கும். இவ்விரண்டையும் ‘கண்ட்ரோல் பேனல்’ பகுதியில் அணைத்துவிடலாம்.

மின்னஞ்சலுக்குரிய ‘அட்’ குறியை எழுத முயலும்போது மேற்கோள் குறி வந்தால், கணினி அமெரிக்க விசையமைப்புக்குப் பதிலாக இங்கிலாந்து விசையமைப்பில் உள்ளது. அவ்விரு அமைப்புகளிலும் இவ்விரு குறிகள் இடம் மாறியிருக்கும். கடவுச்சொல்லை எழுதும்போது திரையில் புள்ளிகள் மட்டுமே தெரிவதால் இம்மாற்றம் கண்ணில் படாது. சரியான கடவுச்சொல்லைத்தான் எழுதுகிறோம் என்று நம்பித் திரும்பத் திரும்ப முயன்றால் கணக்கே பூட்டப்பட்டுவிடக் கூடும். ஆகவே கடவுச்சொல் ஏற்கப்படாவிட்டால், முதலில் ‘நோட்பேட்’ பக்கத்தில் அக்குறிகளை மட்டும் எழுதிப் பார்த்து, பின்னரே மறுமுறை முயல வேண்டும்.

தமிழ் எழுத்து மாறி வருதல்

தமிழில் தட்டெழுதும் காரியாலயங்களில் மிகுதியாகக் கேட்கும் குறை, “நேற்று வந்த தமிழ் இன்று வரவில்லை” என்பது. இதன் காரணம் பெரும்பாலும் எழுத்தமைப்பு மாறியிருப்பதே. தமிழுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விசையமைப்புகள் வழக்கில் உள்ளன. தட்டச்சுப் பொறியில் பயின்றவர்கள் பழைய தட்டச்சு அமைப்பைக் கையாளுகிறார்கள். 1999ஆம் ஆண்டில் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 அமைப்பில், உயிரெழுத்துகள் பெரும்பாலும் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. விண்டோஸின் பழைய பதிப்புகளோடு வரும் தமிழ் அமைப்பு இன்ஸ்கிரிப்ட் என்ற வேறொரு வகை.

எந்த அமைப்பு இயங்குகிறது என்று அறிய ஒரு விசை போதும். ஆங்கில ‘ஏ’ பொறித்த விசையை அழுத்துங்கள். ‘அ’ வந்தால் தமிழ்99. ‘ய’ வந்தால் தட்டச்சு அமைப்பு. ஓகாரத்தின் துணைக்குறி மட்டும் தனியே தோன்றினால் இன்ஸ்கிரிப்ட். ஆங்கில எழுத்தே வந்தால் தமிழ் இயக்கப்படவில்லை. இடப்புற ‘ஆல்ட்’ விசையையும் ஷிப்ட் விசையையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸில் மொழி மாறுவது வழக்கம். வேறு வேலைக்காக அவ்விரண்டையும் அழுத்தியவர் தம்மை அறியாமல் மொழியை மாற்றியிருக்கலாம். பழைய விண்டோஸில் தமிழ்99 வேண்டுவோர் இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்களை உபயோகிக்கலாம்.

சரியாகத் தட்டியும் திரையில் சதுரக் கட்டங்கள் தோன்றினால், அக்கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். விண்டோஸ் எக்ஸ்பியில் சிக்கலான எழுத்துகளுக்குரிய ஆதரவைத் தனியே நிறுவினால்தான் தமிழ் ஒழுங்காகத் தோன்றும். பழைய தீர்மானப் புத்தகக் கோப்பைத் திறக்கும்போது பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வந்தால், அது யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு ஒன்றில் எழுதப்பட்டது. தமிழக அரசு 2010ஆம் ஆண்டில் யூனிகோடு முறையை ஏற்றது. அதற்கு முற்பட்ட கோப்புகளில் இந்நிலை நேர்வது இயல்பு. எழுத்துரு மாற்றி என்னும் மென்பொருளால் அவற்றை மாற்றிக்கொள்ளலாம். இக்குறைகள் எவற்றுக்கும் புதிய விசைப்பலகை வாங்குவது மருந்தாகாது.

தூசியும் தேநீரும்

இனி, விசையிலேயே உள்ள பழுதைக் காண்போம். கிராமத்தில் தூசி தவிர்க்க இயலாதது. சிந்திய பலகாரத் துகளைத் தேடி எறும்பும் வரும். வாரம் ஒருமுறை கணினியை நிறுத்தி, பலகையைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்து, மெல்லத் தட்டி, மெல்லிய தூரிகையால் இடுக்குகளைத் துடைக்க வேண்டும். விசைகளைக் கழற்றிச் சுத்தம் செய்வதாயின் முதலில் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. மீண்டும் பொருத்தும்போது இடம் மாறாது.

தண்ணீரோ தேநீரோ சிந்திவிட்டால் காலந்தாழ்த்தாமல் கணினியை நிறுத்தி, செருகியைப் பிடுங்கி, பலகையைக் கவிழ்த்து வைக்க வேண்டும். தண்ணீர் காய்ந்தால் பல சமயம் பலகை பிழைத்துக்கொள்ளும். சர்க்கரை கலந்த தேநீர் காய்ந்த பிறகும் பசையாக ஒட்டிக்கொண்டு விசைகளைப் பிடித்துக்கொள்ளும். குறைந்தது ஒரு நாளாவது நிழலில் காற்றோட்டமாக உலர்த்த வேண்டும். கடும் வெயிலில் பிளாஸ்டிக் நெளியும். மடிக்கணினியில் சிந்தினால் மின்கலத்தையும் கழற்றிவிட வேண்டும். வல்லுநர் பார்க்கும் வரையில் அதனை இயக்கலாகாது.

ஒரு விசை மட்டும் வேலை செய்யாவிட்டால் அதனடியில் அழுக்கு இருக்கலாம். சுத்தம் செய்தால் சரியாகலாம். பல விசைகள் ஒரே சமயத்தில் நின்றுவிட்டால், உள்ளே ஒரு கோடு அறுந்திருக்கும். பல விசைகளுக்குப் பொதுவான கோடு அறுந்தால் அவ்வளவு விசைகளும் நிற்பது இயற்கை. அத்தகைய பலகைக்குச் செலவழிப்பதைவிடப் புதியது வாங்குவதே சிக்கனம். அதற்கு முன் அப்பலகையை வேறொரு கணினியில் இணைத்துப் பார்க்க வேண்டும். அங்கும் அதே விசைகள் நின்றால் பலகையே பழுது; அங்கு நன்றாக வேலை செய்தால் பழுது நமது கணினியில் உள்ளது.

அவசர வேலைக்கு வழியுண்டு. விண்டோஸில் திரையிலேயே விசைப்பலகையைத் தோற்றுவிக்கும் வசதி அமைந்துள்ளது. மவுஸினால் அதன் விசைகளைத் தொட்டு, காத்திருப்பவருக்கு ரசீது கொடுத்தனுப்பலாம். வேகம் குறைவுதான், எனினும் ஒருவரை வீணே திருப்பி அனுப்புவதைவிட அது மேலானது.

பிழை எழுதும் விசை

தேய்ந்த விசையும் பசை ஒட்டிய விசையும் ஒருமுறை அழுத்தினால் இருமுறை எழுதும். சில சமயம் அழுத்தியும் எழுதாமல் விட்டுவிடும். கடிதத்தில் ‘க’ இரட்டித்தால் படிப்பவர் திருத்திக்கொள்வார். எண்ணில் அவ்வாறு நேர்ந்தால் திருத்துவார் யார்? 17 என்ற சர்வே எண் 117 ஆகிவிட்டால் அது வேறொருவருடைய நிலமாகிவிடும். இரண்டுமே கிராமத்தில் உள்ள எண்களாதலால் பார்ப்பவருக்குப் பிழையென்று தோன்றாது.

சில எண்களுக்குக் காவல் உண்டு. 12 இலக்கங்களைக் கொண்ட ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் சரிபார்ப்பதற்கென்றே அமைக்கப்பட்டது. அதனால் ஓர் இலக்கம் மாறினாலும் கணினி அதனைக் கண்டுபிடிக்க இயலும். வங்கிக் கிளைக்குரிய ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டில் 11 எழுத்துகள் உண்டு. அவற்றுள் ஐந்தாவது எப்போதும் பூஜ்யமாகவே இருக்கும். அவ்விடத்தில் ஆங்கில ‘ஓ’ எழுத்தைத் தட்டுவது பலர் செய்யும் பிழை. சர்வே எண்ணுக்கோ வரித் தொகைக்கோ இத்தகைய காவல் இல்லை. வங்கிக் கணக்கு எண்களின் நீளமும் வங்கிக்கு வங்கி மாறுபடும். ஆகவே அவ்விடங்களில் மனிதருடைய கண்ணே காவல்.

காலையில் வேலை தொடங்குமுன் செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. நோட்பேட் பக்கத்தைத் திறந்து, 1234567890 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக 5 வரிகள் எழுத வேண்டும். முதலில் மேல் வரிசை விசைகளாலும், பிறகு வலப்புற எண் விசைகளாலும் எழுதிப் பார்க்க வேண்டும். ஐந்து வரிகளும் ஒரே நீளமாக முடிந்தால் விசைகள் ஒழுங்காக உள்ளன. ஒரு வரி நீண்டிருந்தால் ஏதோ ஓர் எண் இரட்டித்திருக்கிறது. குறுகியிருந்தால் ஓர் எண் விடுபட்டிருக்கிறது. நாற்று வரிசை கோணியிருப்பது வரப்பில் நின்றாலே தெரிவது போல இப்பிழை உடனே கண்ணுக்குப் புலப்படும். பிழையுள்ள பலகையில் அன்று ஒரு ரசீதும் எழுதலாகாது.

பஞ்சாயத்து மேற்கொள்ளத்தக்கவை

பஞ்சாயத்துகளின் திட்டங்களும் கணக்குகளும் பதிவு செய்யப்படும் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளம் 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் தொடங்கப்பெற்றது. கையால் எழுதிய பதிவேட்டில் அடித்துத் திருத்திச் சுருக்கெழுத்திட்ட காலம் போன்றதன்று இது; கணினியில் ஏறிவிட்ட பிழையைத் திருத்த மனுவும் அலைச்சலும் தேவைப்படுகின்றன. ஆகவே பின்வருவனவற்றைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கவனித்தல் நலம்.

முதலாவது, நல்ல நிலையிலுள்ள விசைப்பலகை ஒன்றை உபரியாக வாங்கி உறையிலிட்டு வைத்தல். கணினிக்கு ஏற்ற செருகி எதுவென்று பார்த்து வாங்க வேண்டும். செருகியின் வடிவத்தை மாற்றும் எளிய துண்டு எல்லா விசைப்பலகைகளுக்கும் பொருந்துவதில்லை.

இரண்டாவது, ஒரு பழுதுக் குறிப்பேடு வைத்தல். என்று, எந்த விசை, என்ன செய்தது, எவ்வாறு சரியாயிற்று என்று எழுதி வந்தால், அடுத்த முறை ஐந்து நிமிஷத்தில் வேலை முடியும். பழுதுபார்ப்பவர் வீண் செலவு கூறினாலும் அது வெளிப்பட்டுவிடும்.

மூன்றாவது, ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுதல். செருகியையும் மாற்றி, மென்பொருளையும் மாற்றி, பலகையையும் மாற்றிவிட்டால் எதனால் சரியாயிற்று என்பது தெரியாமற்போகும்.

நான்காவது, எண்ணைப் பதிவு செய்யும் முன் உரக்க வாசித்துக் காட்டுதல். காரியாலயத்துக்கு வந்திருப்பவர் தம் சர்வே எண்ணையும் கணக்கு எண்ணையும் ஒவ்வோர் இலக்கமாக ஒத்துப் பார்க்க இது உதவும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தம் எண்ணைக் காதால் கேட்டு அறிவார்.

விவசாயிகளுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. ரசீதை மடித்துப் பையில் வைக்கும் முன், அதிலுள்ள பெயர், எண், தொகை ஆகியவற்றை அங்கேயே ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வாறு பார்ப்பது எவரையும் சந்தேகிப்பதாகாது. விதை நெல்லை அளந்து வாங்குபவர் விற்பவரைச் சந்தேகித்து அளப்பதில்லை. அளவு சரியாக இருப்பது இருவருக்கும் நல்லது என்பதற்காகவே அளக்கிறார்.

கணினி பழையதாயிருப்பது ஒரு குறையன்று. பழைய ஏற்றமும் பழைய வண்டியும் கவனத்தோடு பேணியவரிடத்தில் நெடுநாள் உழைத்தன. விளக்கைப் பார்த்து, செருகியைப் பார்த்து, எழுத்தமைப்பைப் பார்த்து, இறுதியாக விசையைப் பார்க்கும் இந்த ஒழுங்கை ஒவ்வொரு பஞ்சாயத்திலும் இருவரேனும் கற்றுக்கொண்டால், “நாளை வாருங்கள்” என்ற சொல் பெரும்பாலும் குறைந்துவிடும். அதனினும் மேலாக, இன்று எழுதும் எண் இன்றே சரியான எண்ணாக எழுதப்படும். ஒருவருடைய நிலமும் பணமும் அந்த எண்ணில் அடங்கியிருப்பதை நினைந்து, அதனைப் பேணுவோமாக.